ஏணையை விட்டு இறக்கினால் முழித்துவிடுகிறாள்: 10 மாதக் குழந்தையின் இரவு நித்திரை

கேள்வி:

எங்கட மகளுக்கு 10 மாதம். பிறந்ததிலிருந்து தீராந்தியில் கட்டின ஏணையில் ஆட்டித்தான் நித்திரையாக்கிறம். பாயில் இறக்கினால் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவா. இரவில் 6, 7 தரம் எழும்புவா. பால் குடுக்கவேணும், இல்லாட்டி திரும்பவும் ஏணையில் ஆட்டவேணும். பகலில் மூன்று தரம் படுக்கிறா. கடைசியாகப் படுத்து எழும்ப பின்னேரம் ஆறரையாகும். மூத்தவனுக்கு 3 வயது. இரவு 10 மணி வரைக்கும் போன் பார்ப்பான். சில நாளில் படுத்து ஒரு மணித்தியாலத்தால் வீரிட்டுக் கத்துவான்; கண் திறந்திருக்கும், ஆனால் எங்களைத் தெரியாது. இவர் விடிய 3 மணிக்குக் கடலுக்குப் போறவர். மாமி ‘பால் காணாது, பால்மா கரைச்சுக் குடு’ எண்டும், மூத்தவன் ‘பயந்திட்டான், நூல் கட்டு’ எண்டும் சொல்லுறா. பிள்ளை அழுதால் அவவுக்குத் தாங்காது. இடம்பெயர்ந்த காலத்தில் கைக்குழந்தையோட பங்கருக்குள்ள இருந்தவ. எங்கட வீடு வீட்டுத்திட்ட வீடு. நாங்கள் நாலு பேரும் ஒரே அறை. அழவிட்டுப் பழக்கச் சொல்லிப் போனில் பார்த்தன், மனம் வரேல்லை. கிளினிக்கில் நிறை நல்லது எண்டுதான் சொல்லுகினம். நான் ஒழுங்காக நித்திரை கொண்டு மாதக்கணக்கு.

ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கும் ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிளினிக்கில் நிறை நல்லது என்கிறார்கள். அப்படியானால் பால் காணாமல் பிள்ளை எழும்பவில்லை. கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு ஏறிக்கொண்டே போகிறதா, ஒரு நாளில் ஆறு தரத்துக்குக் குறையாமல் சலம் போகிறாளா, பகலில் சுறுசுறுப்பாக விளையாடுகிறாளா என்று மாமிக்குக் காட்டுங்கள். மூன்றும் சரியென்றால் பால்மாப் பேச்சை விட்டுவிடலாம். இரவில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தை கூட நேரம் நித்திரை கொள்ளும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சூப்பிப்போத்தலை வாயில் வைத்தபடி நித்திரையாகும் பழக்கம் வந்தால் முன்பற்கள் சொத்தையாகும், காதில் சீழ் வைக்கும் வாய்ப்பும் கூடும். பாலுக்குள் அரிசிமா கலந்து கொடுத்தால் புரைக்கேறும். ஒரு வயதுக்கு முன் முழு ஆடைப் பால்மாவும் ஏற்றதல்ல.

பிறகு ஏன் எழும்புகிறாள்? இந்த வயதில் நித்திரை ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றும் முடியும்போது குழந்தை அரைவிழிப்புக்கு வரும். நாங்களும் அப்படி வருகிறோம், புரண்டு படுக்கிறோம், விடிய மறந்துவிடுகிறோம். விறாந்தையில் படுத்த நீங்கள் நடுச்சாமத்தில் கண் திறக்கும்போது வள்ளத்தில் கிடந்தால் சும்மா புரண்டு படுப்பீர்களா? எழும்பிக் கத்துவீர்கள். உங்கள் மகளுக்கு ஒவ்வோர் இரவும் நடப்பது அதுதான். கண் மூடும்போது வளைந்த சேலையும் ஆட்டமும். கண் திறக்கும்போது தட்டையான, அசையாத பாய். அவளுக்கு நித்திரை வராமல் இல்லை. ஆட்டமும் பாலும் இல்லாமல் திரும்ப நித்திரைக்குப் போகும் வழியை அவள் இன்னும் பழகவில்லை.

ஆகவே மாற்றவேண்டியது நடுச்சாமத்தை அல்ல, இரவு ஏழரை மணியை. முதலில் எப்படிக் கண்ணயர்கிறாளோ அப்படித்தான் நடுவிலும் கண்ணயர்வாள். படுக்கப்போடும் நேரத்தில் பாயிலேயே, ஆட்டமில்லாமல் நித்திரையாகப் பழகிவிட்டால் இரவு விழிப்புகள் பெரும்பாலும் தன்பாட்டில் குறையும். தவழ்வதும் பிடித்து எழும்புவதும், தாயைக் காணாவிட்டால் கலங்குவதும் 8 முதல் 10 மாதத்தில் இயல்பு. அவையும் இரவைக் குழப்பும், ஆனால் சில கிழமைகளில் அடங்கிவிடும். பல் முளைப்பதன் மேல் எல்லாப் பழியையும் போடவேண்டாம். பல் வெளியே வரும் சில நாட்களுக்கு அரிக்கும், மாதக்கணக்காக எழுப்பாது.

ஏணையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சின்னக் குழந்தைக்கு ஏணையில் நாடி நெஞ்சில் மடிந்து மூச்சுவழி ஒடுங்கலாம். 10 மாதத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, எழுந்து குந்துவதும் சேலை ஓரத்தைப் பிடித்து எழும்பிக் கவிழ்வதும். இன்னொன்று உங்கள் மூத்தவன். மூன்று வயதுப் பிள்ளை வெறும் ஏணையில் ஏறி, தன்னைச் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தில் இறுகி உயிர் போன சம்பவங்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் பதிவாகியிருக்கின்றன. அதனால் ஏணையைக் கழற்றுவது நித்திரைக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. ஒரு கிழமைக்கு மேல் நீட்டாதீர்கள். அந்தக் கிழமையிலும் யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் பாவியுங்கள். பிள்ளை அதில் இல்லாத நேரம் சேலையை மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

ஒரேயடியாக நிறுத்தினால் கூட அழுவாள் என்பதால் இப்படிக் குறையுங்கள். முதல் வேலை, ஏணையைத் தாழ்த்திக் கட்டுவது. அடி, மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். முதல் இரண்டு நாளும் வழக்கமான வீச்சில் பாதிதான். கண் சொருகத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் முதுகில் வைத்திருங்கள். மூன்றாம், நான்காம் நாள் ஆட்டமே இல்லை. சேலைக்கு வெளியிலிருந்து ஒரே சீராகத் தட்டிக்கொடுங்கள். ஐந்தாம் நாள் ஏணையை அவிழ்த்து, அதே சேலையைக் கழுவாமல் மெத்தை விரிப்பாகப் போடுங்கள். நான்காக மடித்து, ஓரங்கள் மெத்தைக்கடியில் ஒரு முழமாவது உள்ளே போகும்படி இறுக்கிச் செருகவேண்டும். தொங்கும் முனை ஒன்றும் இருக்கக்கூடாது. மெத்தை இருக்கும் இடமும் ஏணை தொங்கிய அதே இடம். இடமும் மணமும் மாறாததால் அவளுக்கு அன்று மாறுவது ஒன்றுதான். கயிற்றையும் அன்றே தீராந்தியிலிருந்து கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் மூன்றாம் இரவு மாமிக்கும் உங்களுக்கும் கை அதற்குத்தான் போகும்.

படுக்கும் இடம்: மகளுக்குத் தனியாக, அழுத்தினால் பள்ளம் விழாத மெல்லிய மெத்தை. ஒரு வயது வரைக்கும் தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை எதுவும் வேண்டாம். மல்லாத்திப் படுக்கவையுங்கள்; அவளாகப் புரண்டு குப்புறக் கிடந்தால் விட்டுவிடலாம். மெத்தை சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு மேல் தள்ளியிருக்கவேண்டும். நாலு விரல் இடைவெளிதான் குழந்தை சிக்கும் இடைவெளி. அவளுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் நீங்கள், உங்களுக்கு அந்தப்பக்கம் மூத்தவன். அவன் அவளுக்கு அடுத்துப் படுக்கக்கூடாது. நித்திரையில் கையைக் காலைப் போடுவான். குடித்திருப்பவர், புகைப்பவர் எவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவேகூடாது.

நிலத்தில் படுப்பதால் நுளம்பு வலையை விடவேண்டாம். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது உண்மை, ஆனால் டெங்கு இருக்கிறது. அதன் நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்பதால் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். வலையின் ஓரத்தைச் சுற்றிவர மெத்தைக்கடியில் செருகினால் இன்னொரு காவலும் கிடைக்கும். கட்டுவிரியன் போன்ற பாம்புகள் வன்னியில் இரவில்தான் வீட்டுக்குள் வரும், நிலத்தில் படுப்பவரைக் கடிக்கும், கடித்தது பலவேளை தெரியவும் மாட்டாது. மூடிய அறையில் நுளம்புத்திரி கொளுத்தவேண்டாம். அந்தப் புகை குழந்தையின் சுவாசத்துக்குக் கூடாது. இரவில் இருமி எழும்புவதற்கும் அது காரணமாகலாம்.

வெக்கையும் ஒரு காரணம். கூரையும் சுவரும் பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் விட்டுக்கொண்டிருக்கும். பொழுதுபட்டதும் யன்னல்களைத் திறந்து வைத்து, ஃபானை நேரே பிள்ளைமேல் படாமல் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, சூடாக இருந்தால் உடுப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். கை கால் குளிர்ந்திருப்பதை வைத்துக் கணிக்கவேண்டாம். சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். மார்கழி, தையில் முழுக்கைச் சட்டை. தொப்பியும் காலுறையும் நித்திரைக்குத் தேவையில்லை.

இனிப் பகல். 4 முதல் 11 மாதம் வரையான குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியால நித்திரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். உங்கள் மகளுக்கு அந்தத் தொகை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. பின்னேரம் ஆறரைக்கு எழும்பும் பிள்ளைக்கு ஏழரைக்கு நித்திரை எப்படி வரும்? 10 மாதத்துக்குப் பகலில் இரண்டு தரம் போதும். விடிய ஐந்தரை, ஆறுக்கு எழும்பினால் காலை ஒன்பது மணியளவில் ஒரு மணித்தியாலம், பிறகு மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரைக்கும். மூன்றரைக்கு மேல் படுக்கவிடவேண்டாம். அந்த மூன்றாவது நித்திரையை நிறுத்தும் முதல் நாலைந்து நாளும் ஐந்து மணிக்குச் சிணுங்குவாள், கண்ணைக் கசக்குவாள். முற்றத்தில் இறக்கி விளையாடவிடுங்கள், தண்ணீரில் அளையவிடுங்கள், அன்றிரவு ஆறேமுக்கால், ஏழுக்கே படுக்கப்போடுங்கள். களைத்துப்போனால் நல்லாப் படுப்பாள் என்று இழுத்தடிக்கவேண்டாம். மிதமிஞ்சிக் களைத்த குழந்தை கூட அழும், அடிக்கடி எழும்பும். விடிய எழும்பும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றாதீர்கள். எழும்பியதும் வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்திருங்கள். உடம்பு மணிக்கூட்டைத் திருத்துவது அந்தக் காலை வெளிச்சம்தான்.

இரவுச் சாப்பாடு ஆறேகாலுக்கு. இந்த வயதுக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிலீற்றர் கோப்பையில் பாதி அளவு, நாளுக்கு மூன்று வேளை, இடையில் ஒன்றிரண்டு தரம் பழமோ வேறேதுமோ. கடல் வீட்டில் மீனுக்குக் குறைவிருக்காது. முள் நீக்கிய மீனும் பருப்பும் சோறும் மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் விட்டுக் கொடுங்கள். வெறும் கஞ்சித்தண்ணி வயிற்றை நிரப்பும், இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கும். ஆறேமுக்காலுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் மேல் கழுவி உடுப்பு மாற்றுங்கள். ஏழு மணிக்குப் பால். இதை லைற் எரியும்போது, மடியில் இருந்து கொடுங்கள், பாயில் படுத்துக்கொண்டு அல்ல. கண் மூடப்போகிறது என்று கண்டால் உங்கள் சின்னவிரலை வாயின் ஓரத்தால் விட்டு உறிஞ்சலைத் தளர்த்தி மார்பை எடுத்து, நாடியை மெல்ல மேலே தாங்கிப் பிடியுங்கள். திரும்பத் தேடினால் கொடுத்து, இன்னொரு தரம் அதேபோல எடுங்கள். மூன்று நாலு தரத்தில் விட்டுவிடுவாள். ஏழேகாலுக்கு லைற்றை நிறுத்தி ஒரே ஓராட்டு. ஏழரைக்குக் கண் திறந்திருக்கும்போதே மெத்தையில். ஒவ்வொரு நாளும் இதே வரிசை. குழந்தைக்கு மணி தெரியாது, வரிசை தெரியும்.

அழவிட்டு வெளியே போகும் முறை உங்கள் மனதுக்கும் வீட்டுக்கும் பொருந்தாது. அது தேவையும் இல்லை. பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதவியைக் குறைக்கும் முறை இருக்கிறது. ஏணையை அவிழ்க்கும் ஐந்தாம் நாளிலிருந்து முதல் மூன்று இரவும் பக்கத்தில் படுத்து, கையை அவள் நெஞ்சில் வைத்துத் தட்டுங்கள். அழுகை ஓயும்போது தட்டுவதை நிறுத்துங்கள், கூடினால் தொடங்குங்கள். எழும்பி நின்றால் பேசாமல் படுக்கவையுங்கள். 20 தரம் நின்றாலும் 20 தரமும் அதே அமைதியோடு. தூக்கவேண்டிவந்தால் தூக்குங்கள், அழுகை அடங்கியதும் நித்திரையாகுமுன் இறக்குங்கள். நாலாம் இரவிலிருந்து ஆறாம் இரவு வரை கை வைப்பது மட்டும், தட்டுவதில்லை. அதற்கடுத்த மூன்று இரவும் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் கிடங்கள். ‘அம்மா இருக்கிறன், படும்மா’ என்ற ஒரே சொல்லை ஒரே தொனியில் சொல்லுங்கள். பத்தாம் இரவிலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுத்து, நித்திரைபோலக் கிடங்கள். ஒரே அறை என்பதால் வெளியே போகமுடியாதே என்று யோசிக்கவேண்டாம். முகத்தைத் திருப்புவதே ஒரு தூரம்தான். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் 7 மாதத்தில் நித்திரைச் சிக்கல் இருந்த 326 குழந்தைகளோடு தொடங்கிய ஓர் ஆய்வில் இப்படிப் படிப்படியான முறைகளைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளின் 6 வயதில் திரும்பப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி மனநலத்திலோ தாயோடுள்ள பிணைப்பிலோ எந்தப் பாதிப்பும் காணப்படவில்லை.

நடு இரவில் எழும்பினால் உடனே பாயாதீர்கள். சிணுங்கலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு நிமிடம் கேளுங்கள், பல தரம் அவளே அடங்குவாள். அடங்காவிட்டால் படுக்கப்போட்டபோது அன்று செய்ததையே செய்யுங்கள். பாலை ஒரேயடியாக வெட்டவேண்டாம். தாய்ப்பால் இரண்டு வயதுக்கு அப்பாலும் நல்லது. இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு தரம் குடிப்பது குற்றமல்ல. உங்கள் வீட்டில் மூன்று மணிக்கு எப்படியும் ஆளரவம் இருக்கும். அந்த நேரத்துப் பாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற விழிப்புகளில் இப்போது பத்து நிமிடம் குடிக்கிறாள் என்றால் இரண்டு இரவு எட்டு நிமிடம், அடுத்த இரண்டு இரவு ஆறு, பிறகு நாலு, பிறகு இரண்டு. அதன்பின் தட்டிக்கொடுப்பதோடு நிறுத்தலாம். மார்பு கட்டி நோவெடுத்தால் நோ தணியும் அளவுக்குக் கையால் கொஞ்சம் பீச்சிவிடுங்கள். இரவில் குறைந்தது பகலில் கூடவேண்டும். காலையிலும் பகல் நித்திரையால் எழும்பியதும் வயிறாரக் கொடுங்கள்.

எங்கே பிழைக்கும் என்பதையும் இப்போதே சொல்கிறேன். மூன்றாம், நாலாம் இரவில் அழுகை முதல் நாளைவிடக் கூடலாம். முறை பிழைத்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பது அந்த இரவில்தான். முன்பு கிடைத்ததைக் கேட்டு அவள் கடைசியாக ஒருக்கால் உரத்துக் கேட்கிறாள். அன்று 40 நிமிடம் அழவிட்டுப் பிறகு ஆட்டிக்கொடுத்தால், 40 நிமிடம் அழுதால் ஆட்டுவார்கள் என்று படித்துக்கொள்வாள். அடுத்த நாள் இன்னும் கடினம். மனம் தாங்காது என்று தெரிந்தால் இரண்டாம் நிமிடத்திலேயே தூக்குங்கள், நாற்பதாம் நிமிடத்தில் தூக்கவேண்டாம். ஒரு இரவு கைவிட்டால் குடி முழுகிப்போகாது. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இடையில் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, தேவையான அளவு தூக்கி, பாலும் கொடுங்கள். சுகமாகி இரண்டு நாளின் பின் மூன்றாம் இரவின் படியிலிருந்து தொடங்குங்கள். ஏணையை மட்டும் திரும்பக் கட்டாதீர்கள்.

மாமியோடு வாதாடவேண்டாம். பங்கருக்குள் கைக்குழந்தை அழும்போது அதை அந்தக் கணமே அடக்கவேண்டிய நிலையில் இருந்தவர் அவர். அழுகை கேட்டால் அவர் நெஞ்சு இன்றைக்கும் அடித்துக்கொள்வது பிடிவாதம் அல்ல. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஏழேகால் மணி ஓராட்டு அவருடையதாக இருக்கட்டும், தினமும் அதே பாட்டு. பாட்டு முடிந்ததும் அவர் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடவேண்டும். ‘பத்து இரவு மட்டும் பொறுங்கோ மாமி, நான் பிள்ளைக்குப் பக்கத்திலதான் இருப்பன்’ என்று பகலில், அமைதியான நேரத்தில் கேளுங்கள். இரவில், அழுகைக்கு நடுவில் கேட்காதீர்கள். நாவூறு கழிக்க விரும்பினால் கழிக்கட்டும். நூல் கட்டுவதென்றால் கழுத்தில் மட்டும் வேண்டாம், நித்திரையில் இறுகும்.

நித்திரைக்காக எந்த மருந்தும் வேண்டாம். தடிமன் பாணி கொடுத்தால் படுக்கும் என்று சிலர் சொல்லுவார்கள். அது சின்னக் குழந்தையின் மூச்சை மந்தமாக்கலாம், சிலருக்கு எதிர்மாறாக வெறிபிடித்ததுபோல முழிக்கவைக்கும். வசம்பு, சாதிக்காய் உரைத்து நாக்கில் தடவுவதும் நஞ்சாகலாம். ஒட்டுசுட்டான் காட்டுத் தேன் எவ்வளவு நல்லதென்றாலும் ஒரு வயது முடியுமுன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூத்தவனுக்குப் பின்னேரம் தேத்தண்ணி கொடுப்பதாயின் அதையும் நிறுத்துங்கள். நித்திரையையும் கெடுக்கும், சாப்பாட்டு இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது.

மூத்தவனுக்கு நாளுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் வேண்டும். பத்து மணிக்குப் படுத்து ஆறுக்கு எழும்பினால் பகல் நித்திரையோடு சேர்த்தாலும் அது வராது. ஆனால் நாளைக்கே எட்டு மணிக்குப் படு என்றால் இரண்டு மணித்தியாலம் சண்டை நடக்கும். இப்போது உண்மையில் நித்திரையாகும் பத்து மணிக்கே படுக்கப்போடுங்கள். நித்திரை உடனே வரும். பாயும் நித்திரையும் அவன் மனதில் ஒன்றாகச் சேரும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கொருதரம் 15 நிமிடம் முன்தள்ளுங்கள். எட்டரைக்கு வர இரண்டு கிழமை ஆகும். பகல் நித்திரை மூன்று மணிக்கு முன் முடியட்டும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். போன், படுக்கும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே கண்ணில் படாமல் போகவேண்டும். பெரியவர்கள் கையிலும் இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் இந்த விதி ஒரு நாளும் நிற்காது. ஒரு கதை, ஒரு வாய் தண்ணி, ஒருதரம் சலம். இரண்டாவது தண்ணி இல்லை.

அவன் வீரிட்டுக் கத்துவது பேய்க் கோளாறு அல்ல, கெட்ட கனவும் அல்ல. ஆழ்ந்த நித்திரையிலிருந்து உடம்பு பாதி எழும்பி, மூளை மீதி நித்திரையில் நிற்கும் நிலை அது. படுத்து ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் வரும். கண் திறந்திருக்கும், வியர்க்கும், தொட்டால் தள்ளுவான், விடியக் கேட்டால் ஒன்றும் தெரியாது. கெட்ட கனவென்றால் விடியச்சாமத்தில் வரும். பிள்ளை முழுதாக எழும்பி உங்களைக் கட்டிப்பிடிக்கும், கண்டதைச் சொல்லும். கத்தும்போது எழுப்பவேண்டாம், முகத்தில் தண்ணி தெளிக்கவேண்டாம், குலுக்கவேண்டாம். நேரம் கூடத்தான் செய்யும். முட்டாமல் மோதாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், சில நிமிடங்களில் அடங்கும். இதை வரவழைப்பதில் முதலிடம் நித்திரைக் குறைவுக்குத்தான். படுக்கும் நேரம் முன்னுக்கு வந்தாலே பெரும்பாலும் குறையும். அனேகமாக ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன் அவன் முனகும் அளவுக்கு மெல்ல எழுப்பிப் படுக்கவிடுங்கள். இரண்டு முதல் நாலு கிழமை செய்தால் அந்தச் சுழற்சி உடையும். உடம்பு விறைத்து ஒரே சீராக வெட்டினால், வாயால் நுரை வந்தால், ஒரே இரவில் பல தரம் வந்தால் அது வலிப்பாக இருக்கலாம். போனில் படம் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே அந்தப் படம் மிகவும் உதவும்.

வேறு எதற்காகக் காட்டவேண்டும்? இரண்டு பிள்ளைகளில் எவராவது தடிமன் இல்லாமலே இரவுக்கிரவு குறட்டை விட்டால், மூச்சு நின்று திணறினால், இரவில் இழுப்பும் இருமலும் இருந்தால், நிறைக் கோடு தட்டையானால், காதால் நீர் வந்தால். இரவில் மலவாயிலைச் சொறிந்தால் பூச்சி, விரலிடுக்கைச் சொறிந்தால் சொறிசிரங்கு. இரண்டும் மருந்தோடு போய்விடும். வெளிறிப்போய், நித்திரையில் காலை ஓயாமல் அடித்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். கிளினிக்கில் தரும் நுண்போசணைத் தூளை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் குழந்தை நல வைத்தியரைக் காட்டலாம். முதலில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் நித்திரை வேண்டும். அதுவும் இந்தத் திட்டத்தின் ஒரு பகுதிதான். கணவர் கரைக்கு வந்து சாப்பிட்டு ஓய்ந்தபின் மத்தியான நித்திரை நேரம் ஒன்றரை மணித்தியாலம் இரண்டு பிள்ளைகளும் அவர் பொறுப்பு. மகள் படுக்கும் அந்த நேரத்தில் நீங்களும் படுக்கவேண்டும், உடுப்புத் தோய்க்கக்கூடாது. அவருடைய வலை, சாப்பாடு, ரோச், உடுப்பு எல்லாம் முதல் நாள் பின்னேரமே விறாந்தையில் இருக்கட்டும். முடிந்தால் இந்த இரண்டு கிழமையும் அவர் படுப்பதும் அங்கேயே, நுளம்பு வலைக்குள். பிள்ளைகள் படுத்தபின்னும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வந்தால், உங்களையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேனோ என்று ஒரு தரமாவது தோன்றினால் அது களைப்பு மட்டுமல்ல, அதற்கு வைத்தியம் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கள்.

தொடங்கும் நாளைப் பார்த்து எடுங்கள். தடுப்பூசி போட்ட கிழமையில் வேண்டாம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் வேண்டாம், தடிமன் காய்ச்சலுக்கு நடுவில் வேண்டாம். அதற்கு முன் மூன்று நாள், மகள் எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது எழும்பினாள், எதைச் செய்து நித்திரையாக்கினீர்கள் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். நித்திரை இல்லாத ஆளின் ஞாபகத்தை நம்பமுடியாது. எட்டாம் நாள் ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏணையை அவிழ்க்கும் ஐந்தாம் நாள், அவர் மறுநாள் கடலுக்குப் போகாத இரவாக அமையட்டும்.